பழைய மோட்டார் வண்டியின் வைகறைப் பிணி

மாந்தர்க்கு வரும் பிணிகளுள் சில, மருத்துவர் வரும் வேளையில் மறைந்துவிடும் இயல்புடையன. இரவெல்லாம் இருமியவர் மருத்துவர் முன் அமர்ந்ததும் இருமார். பழைய மோட்டார் வண்டிகட்கும் இத்தகைய பிணி ஒன்று உண்டு. விடியற்காலையில் முதன்முறை முடுக்கும்பொழுது இயந்திரம் நடுங்கும், விட்டுவிட்டு இயங்கும், விசையை மிதித்தால் திணறி நின்றுவிடும். கால் மணி நேரம் ஓடியபின்னரோ, ஒன்றும் அறியாதது போலச் சீராக ஓடும். பட்டறையை அடையும்பொழுது இயந்திரம் சூடேறியிருக்குமாதலின், ஆண்டுள்ளார் செவிக்குக் குறை யாதும் புலப்படாது. ஆயினும் ஏதேனும் செய்தாகவேண்டுமே என்று கார்புரேட்டரின் திருகுகளைத் திருப்பி அனுப்புவர். மறுநாட் காலையில் பழைய நடுக்கத்தோடு புதிய குறை ஒன்றும் சேர்ந்திருக்கும். இப்பிணியின் காரணத்தை முறைப்படி அறியும் வழியை ஒருவாறு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எடுத்துக்காட்டாகப் பெட்ரோலில் இயங்கும் பழைய அம்பாசடர் வண்டியைக் கொள்வோம். இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியை முன்மாதிரியாகக் கொண்டு, இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் 1950-களின் இறுதி தொடங்கி 2014 வரை இவ்வண்டியைச் செய்துவந்தனர். அவற்றுள் பழைய பெட்ரோல் வண்டிகளில் அமைந்தது 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் உடைய இயந்திரம். அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையத்தைப் போன்ற ஓர் ஊரில் அவ்வண்டி ஒன்று காலைதோறும் புறப்படவேண்டியிருப்பதாக எண்ணிக்கொள்க.

வெயிலுக்குப் பேர்போன அரியலூர்ச் சீமையில் குளிரால் வரும் பிணியா என்று ஐயுறுவார் உளர். இயந்திரத்துக்குக் குளிர் என்பது நமக்குள்ள குளிரன்று. இயந்திரத்தைச் சூழ்ந்தோடும் நீர் ஏறக்குறைய 80 பாகை வெப்பமடைந்த பின்னரே அது தன் இயல்பான நிலையை எய்தும். மார்கழி விடியலில் காற்று 20 பாகையில் இருந்தாலும், சித்திரை விடியலில் 28 பாகையில் இருந்தாலும், 80-க்கு அவை மிகத் தாழ்ந்தனவே. ஆதலின் இயந்திரத்துக்கு எல்லா விடியலும் மார்கழியே. மார்கழியில் பிணி சிறிது மிகும், அவ்வளவே.

இனி, குளிர்ந்த இயந்திரம் தடுமாறுவது ஏன்? பெட்ரோல் நீர்மமாக இருக்கையில் எரிவதில்லை. ஆவியாகிக் காற்றோடு கலந்த பின்னரே எரியும். எடையளவில் பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று ஏறக்குறைய 15 பங்கு வேண்டும். சோற்றுப்பானையின் மூடியில் ஆவி நீர்த்துளியாகப் படிவதுபோல, கார்புரேட்டர் தூவும் பெட்ரோலில் ஒரு பகுதி, குளிர்ந்த குழாய்ச்சுவர்களில் துளிகளாகப் படிந்துவிடும். எஞ்சிய கலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறையும். அக்குறையை ஈடுசெய்யவே சோக் என்னும் அமைப்பு வைக்கப்பட்டது. எஸ்.யூ. வகைக் கார்புரேட்டரில், சோக்குக் குமிழை இழுத்தால் ஜெட் என்னும் சிறு குழல் கீழே இறங்கும். அதனுள் நிற்கும் கூர் ஊசிக்கும் குழலுக்கும் இடையேயுள்ள வழி அகன்று, பெட்ரோல் மிகுதியாக வரும்.

திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயையும் அதன் முதலையும் அது தணியும் வழியையும் முறையே ஆராயப் பணிக்கின்றது. பணிமனைக்கும் அம்முறையே சிறந்தது. அதற்கு இன்றியமையாதது, நோய் தோன்றும் வேளையிலேயே நோக்குதல். வண்டியை மாலையிலேயே பட்டறையில் விட்டு, இரவு முழுதும் ஆறவிட்டு, காலையில் பணியாளரே முதன்முறை முடுக்கிப் பார்க்குமாறு செய்க. இதற்குச் செலவு யாதுமில்லை. எனினும் இதனைச் செய்வார் மிகச் சிலரே.

முதற்கண், சோக்கைக் கொண்டே வினவுதல் வேண்டும். நடுங்கும் இயந்திரத்தில் சோக்கைச் சிறிது இழுத்தால் நடுக்கம் தணியுமாயின், கலவையில் பெட்ரோல் போதவில்லை என்பது வெளிப்படை. இழுத்தவுடன் நடுக்கம் மிகுந்து கரும்புகை எழுமாயின், பெட்ரோல் அளவுக்கு மிஞ்சுகின்றது. இழுத்தாலும் விட்டாலும் ஒரே சீராக ஒரு துடிப்புத் தவறுமாயின், குறை பெரும்பாலும் தீப்பொறியிலோ சிலிண்டரிலோ இருக்கும்.

பெட்ரோல் போதாமைக்குரிய காரணங்களுள் எளியது, சோக்குக் கம்பி தளர்ந்திருத்தல். குமிழை ஒருவர் இழுக்க, ஜெட் உண்மையிலேயே இறங்குகின்றதா என மற்றொருவர் பார்த்தால் போதும். அடுத்தது, வேண்டாத வழியில் காற்றுப் புகுதல். கார்புரேட்டரின் அடியிலோ மேனிபோல்டின் இணைப்பிலோ கேஸ்கட் பழுதுற்றால், உலோகம் குளிர்ந்து சுருங்கியிருக்கையில் இடைவெளி திறந்திருக்கும். சூடேறி விரிந்தபின் அடைபட்டுவிடும். பிணி தானே மறைவதற்கு இதுவும் ஒரு காரணம். மின்கம்பிகளில் படாதவாறு அவ்விணைப்பில் சிறிது நீரைத் தூரிகையால் தடவுக. இயந்திரத்தின் ஒலி மாறுமாயின் கசிவு அங்கேயே உள்ளது. சிலர் பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பர். அது தீயை விருந்துக்கு அழைப்பதாகும். விசையை மிதிக்கும்போது மட்டும் திணறினால், எஸ்.யூ. கார்புரேட்டரின் மேற்குமிழைத் திருகி எடுத்து, உள்ளே எண்ணெய் உண்டா என்று காண்க. அவ்வெண்ணெய் வற்றினால் உள்ளிருக்கும் பிஸ்டன் சட்டென மேலெழும்பி, காற்றை மிகுதியாக விட்டுவிடும்.

பெட்ரோல் மிஞ்சுவதற்கு, சோக்கு முழுதும் திரும்பாமையும் மிதவை ஊசி சரியாக அடைபடாமையும் காரணமாகலாம். ரெட்டிபாளையத்தில் வேறொன்றும் கருதத்தக்கது. அவ்வூரைச் சூழச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலையும் உள. லாரிகளின் போக்குவரவும் மிகுதி. பல கோடி ஆண்டுகட்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்பு, இன்று நுண்துகளாய்க் காற்றில் மிதந்து ஏர் பில்டரை அடைக்கின்றது. காற்று குறைந்தால் பெட்ரோல் மிஞ்சுதல் இயல்பே. ஆதலின் பிற ஊர்களைக் காட்டிலும் இங்கு ஏர் பில்டரை அடிக்கடி பார்த்தல் வேண்டும்.

தீப்பொறியைச் சோதிப்பதும் அரிதன்று. உலர்ந்த ரப்பர்ப் பிடியால், பிளக்குக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுக. எக்கம்பியைக் கழற்றினாலும் இயந்திரத்தின் ஓட்டம் மாறாதோ, அச்சிலிண்டரே வேலை செய்யாதது. பனிக்காலத்தில் டிஸ்டிரிபியூட்டர் மூடியினுள் ஈரம் படிந்து, தீப்பொறி வேற்றுவழி செல்லும். உலர்ந்த துணியால் துடைத்தாலே சில வண்டிகள் நலம் பெறும். பாயிண்ட் இடைவெளி ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டரும், பிளக்கு இடைவெளி ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டரும் இருத்தல் வேண்டும். இவற்றைச் சரிசெய்யாமல் கார்புரேட்டரைத் தொடுதல், கண்ணோய்க்குக் காலில் மருந்திடுவது போலும்.

நம் நாட்டுக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. இயந்திரம் கொதிக்குமென்று அஞ்சி, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் நம் பட்டறைகளிற் சிலவற்றில் உள்ளது. இயந்திரம் விரைவிற் சூடேறும்பொருட்டு, குளிர்ந்த நீர் ரேடியேட்டருக்குச் செல்வதைத் தடுத்து நிற்கும் கதவு அது. கதவை எடுத்துவிட்டால் ஐந்து நிமிடப் பிணி அரைமணி நேரப் பிணியாக நீளும்.

புதியதாக வந்துள்ளதும் ஒன்றுண்டு. 2023 பிப்ரவரி முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் படிப்படியாக விற்பனைக்கு வந்தது. எத்தனால் எரிவதற்கு ஒரு பங்குக்கு 9 பங்கு காற்றே போதும். ஆவியாவதற்கோ பெட்ரோலைவிட மிகுந்த வெப்பம் வேண்டும். ஆகவே பழைய பெட்ரோலுக்கென அளவிட்ட கார்புரேட்டரில் கலவை மெலியும். காலைத் தடுமாற்றமும் மிகும். பிற குறைகளையெல்லாம் நீக்கிய பின்னர், இயந்திரம் சூடேறிய நிலையில், ஜெட்டின் அடியிலுள்ள திருகைச் சிறிது இறக்கிக் கலவையை ஈடுசெய்யலாம். எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களையும் கெடுக்குமாதலின், அவற்றையும் உடன் மாற்றுக.

இவற்றால் எல்லாம் தீராவிடின், சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கவேண்டும். ஒன்றில் மட்டும் அழுத்தம் தாழ்ந்திருந்தால், அதனுள் ஒரு கரண்டி எண்ணெயை விட்டு மீண்டும் அளக்க. அழுத்தம் உயர்ந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தன. உயராவிடின் வால்வோ கேஸ்கட்டோ பழுதுற்றது. இயந்திரத்தைப் பிரிக்கவேண்டுமா என்பதை இச்சோதனைக்குப் பின்னரே முடிவு செய்தல் தகும்.

ஓர் எச்சரிக்கை. கதவடைத்த கொட்டகையில் வண்டியைச் சூடேற்றுதல் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இன்றி உயிரைக் குடிக்கும். நின்றபடியே நெடுநேரம் சோக்கோடு ஓடவிடுதலும் நன்றன்று; எரியாத பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெயைக் கழுவிவிடும். மெதுவாக ஓட்டிச் சென்று, சோக்கைச் சிறிது சிறிதாகத் தள்ளுவதே முறை.

சொந்த வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுக்கே செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகட்குப் புதுப்பித்தல் வேண்டும். அத்தருணத்தில், இயந்திரம் போய்விட்டது என்னும் ஒரு சொல்லைக் கேட்டு, நல்ல வண்டியைப் பழைய இரும்பின் விலைக்குக் கொடுத்துவிடுவார் உளர். அச்சொல்லைச் சொன்னவர் அவ்வியந்திரத்தை விடியலில் கேட்டாரா என்று உசாவுக. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றி, மறுநாட் காலை விளைவைக் கண்டு, அதனைக் குறித்துவைத்து, அதன்பின்னரே அடுத்ததைத் தொடுக. சில நாள் பொறுமையே இதற்கு வேண்டும் முதல்.