வயிற்றுக் கோளாறும் விரல் வைத்தியமும்

நோன்பு திறந்ததும் கஞ்சி, சமோசா, ரோல்ஸ், குளிர்ந்த சர்பத் என்று அடுத்தடுத்து உள்ளே போன இரவில் வயிறு பொருமாத வீடு உண்டா? அதுபோலத்தான் திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போகும் நீண்ட பஸ் பயணமும். முன்பு கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூருக்கு லாஞ்சில் போனவர்களுக்கு அலையின் ஆட்டம் நினைவிருக்கும். 2009ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின் தரைவழி இலகுவாகிவிட்டது. ஆனால் ஓங்காளமும் தலைச்சுற்றும் பஸ்ஸிலும் நம்மை விட்டபாடில்லை.

சகோதரிகளே! இத்தகைய சிறு தொல்லைகளுக்கு மருந்தின்றி, செலவின்றி நம் விரலாலேயே செய்துகொள்ளக்கூடிய ஓர் உதவி உண்டு. அதுதான் அக்குபிரஷர். ஊசி குத்துவது அக்குபங்சர். அதே இடங்களை விரலால் அழுத்துவது அக்குபிரஷர். இரண்டும் சீனாவின் பழைய வைத்திய முறையைச் சேர்ந்தவை. நம் நாட்டில் அக்குபங்சரைப் பரப்பியவர்களில் முக்கியமானவர், களுபோவில வைத்தியசாலையில் பணியாற்றிய டாக்டர் அன்டன் ஜயசூரிய ஆவார்.

ஓங்காளத்துக்கு

உள்ளங்கையை மேல்நோக்கி வையுங்கள். மற்றக் கையின் மூன்று விரல்களை மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கைப் பக்கமாகக் குறுக்கே வையுங்கள். மூன்றாவது விரல் முடியும் இடத்தில், கையின் நடுவில் இரண்டு நரம்புக் கயிறுகள் தட்டுப்படும். அவற்றின் இடைவெளிதான் நமக்கு வேண்டிய இடம். சீனர்கள் இதை 'நெய்குவான்', அதாவது 'உள்வாசல்' என்பார்கள். பெருவிரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்துங்கள். அழுத்தம் தெரிய வேண்டும்; வலிக்கக் கூடாது. நிதானமாக மூச்சு விடுங்கள். பின் மற்றக் கையிலும் செய்யுங்கள்.

இதற்கு ஓரளவு ஆதாரமும் உண்டு. 1997இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு, சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் சத்திக்கு அக்குபங்சர் பயன் தருவதாகக் கூறியது. 2015இல் 59 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த மருத்துவ மீளாய்வு, இந்த ஓர் இடத்தைத் தூண்டினால் அத்தகைய ஓங்காளமும் சத்தியும் குறைவதாகக் கண்டது. ஆனால் அந்த ஆதாரம் மிக உறுதியானதல்ல என்றும் அதுவே சொன்னது.

வயிற்றுப் பொருமலுக்கு

முழங்கால் சில்லின் கீழ்விளிம்பிலிருந்து நான்கு விரல் கீழே, முன் எலும்பிலிருந்து ஒரு விரல் வெளிப்புறமாக உள்ள இடத்தை அழுத்துங்கள். சமிபாட்டுக்கு இந்த இடத்தையே சீன வைத்தியர்கள் பெரிதும் நம்புகிறார்கள். இதற்கான ஆய்வுச் சான்று முன் சொன்ன இடத்தைவிடக் குறைவு. என்றாலும் செய்து பார்ப்பதில் கெடுதல் இல்லை.

மலச்சிக்கலுக்கு, முழங்காலை மடித்துப் படுத்து, வலது அடிவயிற்றிலிருந்து மேலே, குறுக்கே, பின் இடப்பக்கம் கீழே என்று மெதுவாகத் தடவுங்கள். சாப்பிட்ட உடனே தடவ வேண்டாம். வயிற்றில் கடும் வலி இருந்தாலும் தடவ வேண்டாம்.

கர்ப்பிணிகளுக்கு

மசக்கைக்கு மணிக்கட்டு இடத்தை அழுத்தலாம். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள இடத்தையும், கணுக்காலின் உட்புறத்துக்கு மேலுள்ள இடத்தையும் கர்ப்ப காலத்தில் அழுத்தக் கூடாது என்பது அந்த வைத்தியத்தின் மரபு. வயிற்றையும் தடவ வேண்டாம். தண்ணீர்கூடத் தங்காமல் சத்தி எடுத்தால் நோன்பைப் பிடித்துக்கொண்டு துன்பப்படாதீர்கள். நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் நோற்க மார்க்கம் இடம் தந்திருக்கிறதே! உடனே டாக்டரிடம் போங்கள்.

விரல் போதாத இடங்கள்

குழந்தைக்கு வயிற்றோட்டமா? அங்கே அழுத்துவதற்கு எதுவுமில்லை. உடம்பிலிருந்து போகும் நீரையும் உப்பையும் திருப்பிக் கொடுப்பதே வைத்தியம். கொதித்தாறிய நீரில் ஜீவனியை பக்கற்றில் சொன்ன அளவுக்குக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள்.

தொப்புளைச் சுற்றித் தொடங்கி, வலது அடிவயிற்றுக்கு இறங்கி, நேரம் செல்லச் செல்லக் கூடும் வலி குடல்வால் அழற்சியாக இருக்கலாம். கறுத்த மலம், இரத்த வாந்தி, மஞ்சள் காமாலை, காரணமில்லாத மெலிவு ஆகியவையும் டாக்டர் பார்க்க வேண்டியவையே.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு. மாரடைப்பு 'வாயு' போலவே வரலாம். மேல்வயிற்றில் அழுத்தம், ஓங்காளம், குளிர்ந்த வியர்வை, மூச்சு முட்டல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தாங்க முடியாத களைப்பு இவற்றில் சில சேர்ந்து வந்தாலும் இஞ்சி பிளேன்டி போட்டுக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள். பெண்களுக்கு நெஞ்சுவலி இல்லாமலும் மாரடைப்பு வருவதுண்டு. '1990' என்ற எண்ணை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

வீட்டிலுள்ள எல்லோருடைய வலியையும் கவனிக்கும் நாம், நமக்கு வரும் வலியை மட்டும் "சும்மா வாயுதான்" என்று தள்ளிவிடுகிறோம். பத்து நிமிட அழுத்தத்தில் தணிந்தால் அல்ஹம்துலில்லாஹ். தணியாவிட்டாலோ, மேலே சொன்ன அறிகுறிகள் இருந்தாலோ, சமையலை அப்படியே விட்டுவிட்டு எழுந்து புறப்படுங்கள்.