ரசத்துக்கு நாட்டுத் தக்காளி

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பேசலாம். நம் பக்கத்தில் விளைகிறதை வாங்கிச் சாப்பிடுங்கள் என்றால், "எந்தத் தக்காளியா இருந்தா என்ன, தக்காளிதானே?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அந்தத் தக்காளியையே பார்ப்போம்.

நாட்டுத் தக்காளிக்குத் தோல் மெல்லிசு, சாறு அதிகம், நல்ல புளிப்பு. ரசத்தில் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் விரலால் கொஞ்சம் அழுத்தினாலே பிதுங்கிவிடும். பெட்டியில் அடுக்கி, லாரியில் ஏற்றி, மாநிலம் தாண்டி அனுப்பினால் பாதி நசுங்கிப் போகும். அதனால் தூரத்துச் சந்தைக்குத் தோல் தடித்த, கெட்டியான ரகத்தைத்தான் போடுகிறார்கள். முழுசாகப் பழுக்கும் முன்பே பறித்தும் விடுகிறார்கள். அங்கே ரகத்தை முடிவு செய்வது லாரிப் பயணம், ருசியெல்லாம் அப்புறம். கீரைக்கு இன்னும் அவசரம். பறித்த பிறகும் இலை மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். ஈரம் போகும், வைட்டமின் சி குறையும். விடிகாலையில் பறித்த கீரைத் தண்டு 'டக்'கென்று ஒடியும், மறுநாள் வளையும்.

இதெல்லாம் எங்கே கிடைக்கும்? உழவர் சந்தையில். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் சந்தையைத் திறந்தார்கள். பயிர் செய்கிறவர்தான் என்று அதிகாரிகள் பார்த்து அடையாள அட்டை கொடுத்தவர்களே அங்கே கடை போடலாம். கமிஷன் கிடையாது, வாடகை கிடையாது, தராசையும் அங்கேயே கொடுக்கிறார்கள். அன்றைய விலையைக் காலையிலேயே பலகையில் எழுதிவிடுவார்கள்: மொத்த விலைக்குக் கொஞ்சம் மேலே, வெளிக்கடை விலைக்குக் கொஞ்சம் கீழே. இடைத்தரகருக்குப் போகிற பணம் விவசாயிக்கும் நமக்குமாகப் பிரிகிறது. ஒரு விவசாயிக்குத் துணை நிற்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

எல்லாமே உள்ளூரில் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். பெரிய வெங்காயம் மகாராஷ்டிராவிலிருந்து வருகிறது, வரட்டும். சாம்பாருக்குப் பெரம்பலூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயம் இருக்கிறதே! தையில் மொச்சை, அவரை, சித்திரையில் முருங்கை. அந்தந்தப் பருவத்தில் மலிந்து கிடப்பதை வாங்கினாலே பை பாதிக்கு மேல் நிறைந்துவிடும்.

அடுத்தவரைச் சேர்ப்பதுதான் இதில் முக்கியம். அதற்கு உபதேசம் உதவாது, சமைத்ததைக் கொடுங்கள். எதிர்வீட்டுக்கு ஒரு கிண்ணம் ரசம் போனால், "தக்காளி எங்க வாங்கினீங்க அக்கா?" என்று அவர்களே கேட்பார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலைச் சந்தை சிரமம்தான். நாலைந்து வீடுகள் சேர்ந்து, வாரம் ஒருவர் முறை வைத்துப் போய் எல்லோருக்கும் வாங்கி வரலாம். கேட்டு வாங்குகிறவர்கள் கூடினால்தான் அடுத்த போகத்திலும் விவசாயி துணிந்து நாட்டு ரகம் போடுவார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குள் பையோடு கிளம்புங்கள். தாமதித்தால் நல்ல கீரை தீர்ந்துவிடும். போகும்போது பக்கத்து வீட்டுக்காரரையும் ஒரு குரல் கூப்பிடுங்கள்.