ஒரு செவியாற் கேட்டல்

வள்ளுவப் பெருந்தகை கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என ஓர் அதிகாரம் வகுத்தார். ஏட்டைக் கற்க இயலாதார்க்கும் செவி வாயிலாக அறிவு வருதல் கூடும் என்பது அதனாற் பெறப்படும். அவ்வாயில் இரண்டனுள் ஒன்று அடைபடின் நிகழ்வது யாது, அதற்குச் செய்யத்தக்கது யாது என்பதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். இரு செவியும் கேளாதார் துன்பத்தை உலகம் எளிதில் உணர்கின்றது. ஒரு செவி கேளாதாரையோ, “மற்றது இருக்கின்றதே” எனக் கூறி அமைகின்றது. அக்கூற்று எத்துணைப் பொருந்தாதது என்பதனை முதற்கண் நோக்குவாம்.

இயற்கை இரு செவி தந்தமை, ஒன்று பழுதுபடின் மற்றது உதவும் என்பதற்காக மட்டும் அன்று. வலப்புறத்தெழும் ஓசை வலச்செவியை முன்னும் இடச்செவியைப் பின்னும் அடைகின்றது. ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றர் செல்வதாதலின், அவ்விடைவேளை ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கினும் குறைவாம். அன்றியும், தலை இடைநின்று மறைத்தலால் அப்பாற் செவியில் ஓசை மெலிந்து விழும். காலத்தால் வரும் வேறுபாடு, வன்மையால் வரும் வேறுபாடு ஆகிய இரண்டையும் ஒப்பிட்டே மூளை ஓசை வந்த திசையைத் துணிகின்றது. இவ்வுண்மையை இறேலிப் பிரபு என்னும் ஆங்கில விஞ்ஞானி 1907 ஆம் ஆண்டில் விளக்கினார். ஒரு செவியே உடையார்க்கு ஒப்பிடுதற்கு மற்றொன்று இல்லை. ஆகவே பெயர் சொல்லி அழைத்தாலும் அழைத்தவர் எங்குளார் என அறியார். வீதியில் வாகனத்தின் ஒலி கேட்டும் அது வரும் பக்கத்தை அறியார்.

இரண்டாவது இடர்ப்பாடு இரைச்சலிடைப் பேச்சைப் பிரித்தறிதல். தலையின் மறைப்பு உயர்சுருதி ஓசைகளையே மிகுதியும் தடுக்கும். படம், தடம், கடம் என்னுஞ் சொற்களை வேறுபடுத்தும் வல்லின மெய்யோசைகள் அத்தன்மையனவே. அமைதியான அறையில் இவற்றைத் தெளிவாகக் கேட்கும் ஒருவர், திருமண வீட்டிலும் சந்தையிலும் பாதிச் சொல்லைக் கேட்டு மீதியை ஊகித்துக்கொள்கின்றார். நாள் முழுதும் ஊகித்தலால் வருங் களைப்பும் சிறிதன்று.

எமக்கும் சில ஆண்டுகளாக இடச்செவி கேளாது. வகுப்பில் ஒரு குரல் எழுந்தால், எழுப்பியவன் யாவன் என அறை முழுவதையும் கண்ணால் தேடுதல் எமக்கு நாளாந்த நிகழ்ச்சி. இடப்புறமாக வந்து வணக்கம் கூறிய நண்பர் சிலர், மறுமொழி பெறாது எம்மைச் செருக்குடையார் எனக் கருதியதும் உண்டு. முதிர்ந்த எமக்கே இவ்வாறாயின், தன் குறையைத் தானே அறியாத சிறுவன் நிலை என்னாகும்? ஐக்கிய அமெரிக்காவில் பெஸ், தார்ப் என்னும் ஆராய்ச்சியாளர் 1980களில் இத்தகைய சிறுவரை ஆராய்ந்தனர். அவருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் ஒரு வகுப்பிலேனும் தவறி, அவ்வகுப்பிலேயே மீண்டும் இருத்தப்பட்டிருந்தனர். அறிவிற் குறைவில்லாப் பிள்ளை, “கவனமற்றவன்” என்னும் பட்டத்தைச் சுமத்தல் பெருங்கொடுமையன்றோ!

இனி, பரிகாரத்தை ஆராய்வாம். பழுது எவ்விடத்தது என அறிந்த பின்னரே சிகிச்சையைத் துணிதல் வேண்டும். வைத்திய நிபுணர் இசைக்கவையைத் தட்டி அதன் அடியை நெற்றியில் வைப்பர். பழுது புறச்செவியிலோ நடுச்செவியிலோ இருப்பின், ஓசை பழுதுபட்ட பக்கத்தே மிகுந்து கேட்கும்; உட்செவியிலோ நரம்பிலோ இருப்பின், நல்ல பக்கத்தே மிகுந்து கேட்கும். வேபர் சோதனை எனப்படும் இவ்வெளிய முறை இன்றும் வழக்கில் உள்ளது. பின்னர்க் கருவியால் ஒவ்வொரு செவியின் கேட்குந் திறனையும் தெசிபெல் அளவிற் குறிப்பர். வேண்டுமிடத்து, நரம்பில் கட்டி உண்டோ என அறிய எம்.ஆர்.ஐ. படமும் எடுப்பர்.

புற, நடுச் செவிப் பழுதுகள் பெரும்பாலும் திருத்தத்தக்கவை. திரண்டு இறுகிய குறும்பியை வைத்தியர் அகற்றுவர். கிழிந்த செவிப்பறையைச் சத்திரசிகிச்சையால் மூடுவர். ஏந்தியுரு என்னும் சிற்றென்பு இறுகி அசையாதவிடத்து, அதனை நீக்கிச் செயற்கை உறுப்பை வைப்பதுமுண்டு. இம்முறையை அமெரிக்க வைத்தியர் யோன் சே 1956 இல் முதன்முதற் செய்து காட்டினார்.

உட்செவிப் பழுது அத்துணை எளிதிற் தீர்வதன்று. கூகைக்கட்டு நோயாலும், தலையில் அடிபடுதலாலும், காரணம் புலப்படாதும் அது நேரும். மூன்று நாளுள் ஒரு செவி திடீரெனக் கேளாதாகுமாயின், அதனைச் சளியென்றோ குறும்பியென்றோ எண்ணி எண்ணெய் விட்டுக் காத்திருத்தல் ஆகாது. அன்றே வைத்தியசாலை செல்லுதல் வேண்டும். ஸ்டெரொயிட் மருந்து, முதல் இரண்டு வாரத்துள், அதிலும் முற்பட்ட நாள்களில், தொடங்கினாற்றான் பயன் தரும் வாய்ப்பு மிகுதி. இவ்வொன்றை வாசகர் மறவாதிருப்பின் எம் எழுத்துப் பயனுடைத்தாகும்.

செவி மீளாதார்க்கும் கருவிகள் உள. கேளாச் செவியில் ஒலிவாங்கியை அணிந்து, அதன் ஓசையை நற்செவிக்கு அனுப்பும் முறையை ஆபோட், பரி என்னும் அமெரிக்கர் 1965 இல் வெளியிட்டனர். இதற்குச் சத்திரசிகிச்சை வேண்டியதில்லை. மற்றொன்று, காதின் பின்னுள்ள என்பில் தைத்தேனிய ஆணியைப் பதித்து, என்பின் வழியே நற்செவிக்கு ஓசையைக் கடத்துவது. இது 1977 இல் சுவீடனிலுள்ள கோதன்பேர்க்கில் தொடங்கியது. தலைப்பட்டியில் அணிந்து பயனை முன்னரே சோதித்துப் பார்த்தல் இதற்கு இயலும். இவ்விரண்டும் மறைந்த பக்கத்துப் பேச்சைக் கேட்பிக்குமேயன்றித் திசையறிவைத் தரமாட்டா. ஓசை யாவும் ஒரு செவியிலேயே சென்று சேர்தலே காரணம். மூன்றாவது, உட்செவியுள் மின்வாய்களைச் செலுத்தி நரம்பையே தூண்டுவது. ஒரு செவி கேளாதார்க்கும் இதனைப் பயன்படுத்த ஐக்கிய அமெரிக்கா 2019 இல் அனுமதி அளித்தது. இது திசையறிவை ஓரளவு மீட்கும். ஆயினும் செலவு மிகப் பெரிது. நரம்பு பழுதின்றி இருத்தல் வேண்டும். பிறவியிலிருந்து நெடுங்காலம் கேளாதிருந்த செவிக்குப் பயன் குறையும்.

கருவி வாங்க இயலாதார்க்கும் இடமறிந்து இருத்தல் என்னும் மருந்து உண்டு, அதற்குச் செலவில்லை. இடச்செவி கேளாத மாணவனை வகுப்பின் இடப்பக்க ஓரத்தில், முன்வரிசையில் இருத்துக. அவன் வலச்செவி வகுப்பை நோக்கியிருக்கும். மின்விசிறிக்கும் வீதிப்பக்கச் சாளரத்துக்கும் அவன் அண்மையிலிருத்தல் ஆகாது. ஆசிரியர் கரும்பலகையை நோக்கிப் பேசாது மாணவரை நோக்கிப் பேசுதலும், விடை கூறுவோன் எழுந்து நின்று கூறுதலும் யாவர்க்கும் நன்மையே. எம் வகுப்பில் இவை வழக்கமாகிவிட்டன. எப்பொழுதும் ஒரு பக்கமே தலை சாய்த்துக் கேட்பவனையும், தொலைபேசியை ஒரு காதிலன்றி மறுகாதில் வையாதவனையும் கண்டால், கண்டிக்குமுன் வைத்தியரிடம் அனுப்புக.

ஒரு செவியுடையார் அச்செவியைக் கண்போற் காத்தல் கடன். கோழி இறகும் தீக்குச்சியும் அதனுள் நுழையாதிருக்கட்டும். பட்டாசு, ஒலிபெருக்கி முதலிய பேரோசைகட்கு அவர் விலகி நிற்க. காதிற் செருகும் கருவிகளில் பாட்டைப் பெருக்கிக் கேளாதொழிக. குறையை மறையாது, “இப்பக்கமாகப் பேசுக” என நாணமின்றிக் கூறப் பழகுதலும் வேண்டும்.

கல்லூரி அன்னையின் விழாவுக்குப் பன்னாட்டிலிருந்தும் பழைய மாணவர் கூடும் இவ்வேளையில் எமக்கொரு விண்ணப்பம் உண்டு. விருந்து மண்டபத்தில் உரையாடலிற் கலவாது புன்னகையோடு மட்டும் அமர்ந்திருக்கும் பழைய தோழர் ஒருவரைக் காணின், அவர் எப்பக்கத்தாற் கேட்பார் என வினவி, அப்பக்கத்தே சென்று அமர்மின்.