புதிய வாகனமும் மூன்று மாத அவகாசமும்

அந்நியச் செலாவணியைப் பாதுகாக்கும் நோக்கில் 2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரி முதலாம் திகதியே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் காத்திருந்த குடும்பங்கள் பல, தமது சேமிப்பையும் லீசிங் கடனையும் ஒன்றுசேர்த்து வாகனம் வாங்கி வருகின்றன. அவ்வாறு வாங்கிய வாகனம் சில வாரங்களிலேயே கோளாறு காட்டத் தொடங்கினால் செய்ய வேண்டியது யாது என்பதை நம்மவர்களில் பலர் அறிந்திருப்பதில்லை.

விற்றவரிடம் முறையிட்டால், 'ஓட ஓடச் சரியாகிவிடும்' என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. திருத்துமிடத்திற்கு இரண்டு மூன்று தடவை சென்றுவருவதற்குள் மாதங்கள் கழிந்துவிடுகின்றன. ஆபத்து இங்கேதான் உள்ளது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, உத்தரவாதத்திற்கு இணங்காத பொருள் தொடர்பான முறைப்பாடு விற்பனை நிகழ்ந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்துமூலம் செய்யப்படல் வேண்டும். விசாரணையின் பின்னர் நட்டஈடு வழங்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ உத்தரவிடும் அதிகாரம் அதிகாரசபைக்கு உண்டு. உத்தரவாதப் பத்திரம் ஆண்டுக்கணக்கில் நீண்டாலும் இந்த அவகாசம் நீளாது.

ஆகவே, கோளாறு தென்பட்ட நாளிலேயே விற்பனையாளருக்கு எழுத்தில் அறிவித்து அதன் பிரதியை வைத்திருத்தல் வேண்டும். திருத்துமிடத்தில் ஒவ்வொரு தடவையும் திகதி, ஓடிய தூரம், கூறப்பட்ட குறை ஆகியன பதியப்பட்ட பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். லீசிங் தவணையை நிறுத்துவது பயன் தராது. வாகனத்தை இழக்கவே அது வழிவகுக்கும்.

1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டமும் விற்கப்படும் பொருள் விற்பனைக்குரிய தரத்தில் இருத்தல் வேண்டும் என்கிறது. ஆயினும், வாங்குபவர் பரிசோதித்திருந்தால், அப்பரிசோதனையில் புலப்பட்டிருக்க வேண்டிய குறைகளுக்கு இப்பாதுகாப்பு இல்லை. எனவே மேலோட்டமாகப் பார்ப்பதைவிட, தேர்ந்த பொறிமுறையாளரைக் கொண்டு பரிசோதிப்பதே விவேகமானது.

ஜப்பானிலிருந்து வரும் பாவித்த வாகனங்களில் கூடுதல் கவனம் தேவை. தகாத்தா நிறுவனத்தின் காற்றுப்பைகள் வெடித்துச் சிதறியதால் உலகெங்கும் கோடிக்கணக்கான வாகனங்கள் மீள அழைக்கப்பட்டதும், 2017இல் அந்நிறுவனம் வங்குரோத்து அடைந்ததும் நினைவிருக்கலாம். செசி இலக்கத்தைக் கொண்டு, மீள் அழைப்பு நிலுவையில் உள்ளதா என உற்பத்தியாளரிடம் அறிந்துகொள்ளலாம்.

சிங்கப்பூரில் 2012 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம், கையளித்து ஆறு மாதங்களுக்குள் வெளிப்படும் குறை ஆரம்பத்திலேயே இருந்ததாகக் கொள்கிறது. அவ்வாறில்லை என நிரூபிப்பது விற்பனையாளரின் பொறுப்பு. பல இலட்சம் ரூபா கொடுக்கும் நமது பாவனையாளனுக்கோ முறையிடவே மூன்று மாதங்கள்தாம். வாகனம் போன்ற பெறுமதிமிக்க பொருட்களுக்கேனும் இந்த அவகாசத்தை நீடிக்க அரசாங்கம் முன்வர வேண்டும் என்பதே நமது வேண்டுகோளாகும்.