உழவன் மகனுக்கு ஒரு விருந்து

முதலாண்டுப் பொது ஆங்கில வகுப்பில் ராபர்ட் பர்ன்ஸ் எழுதிய ரோஜாக் கவிதை பாடமாக வந்தது. "இவர் பிறந்த நாளன்று பல நாடுகளில் விருந்து வைக்கிறார்கள்" என்று பேராசிரியர் போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். எனக்கோ கவிதையை விட அந்த விருந்துதான் மனத்தில் நின்றது. கவிஞருக்கு மாலை போடுவார்கள், பேச்சுப் போட்டி வைப்பார்கள், சோறும் போடுவார்களா? நூலகத்தில் தேடிப் படித்தேன். ஸ்காட்லாந்தின் பண்பாட்டைக் காண விரும்பும் பயணி ஸ்காட்லாந்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை, ஜனவரி 25 அன்று நியூயார்க்கிலோ நியூசிலாந்திலோ ஒரு சாப்பாட்டு மேசையிலேயே அதைக் காணலாம் என்று அப்போது அறிந்தேன்.

பர்ன்ஸ் பிறந்தது 1759-இல், அயர்ஷையர் பகுதியில் உள்ள அல்லோவே என்னும் சிற்றூரில். தந்தை தம் கையாலேயே கட்டிய, கூரை வேய்ந்த மண்வீடு அது. மாடுகளுக்கும் மனிதருக்கும் ஒரே கூரை. குழந்தை பிறந்த சில நாட்களில் புயலடித்துச் சுவரின் ஒரு பகுதி இடிந்து விழுந்ததாம். தந்தை குத்தகை உழவர். ஆயினும் அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து பணம் போட்டு, பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரை அமர்த்தினார். இந்த ஒரு செய்தியை மட்டும் நான் இருமுறை படித்தேன். ஏன் என்பது எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும். அந்த வீடு இன்றும் காப்பாற்றப்பட்டு வருகிறது. பயணிகள் உள்ளே சென்று பார்க்கலாம்.

கவிஞர் இறந்தது 1796-இல், 37 வயதில். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1801-இல், நண்பர்கள் ஒன்பது பேர் அந்த வீட்டிலேயே கூடி அவர் நினைவாக உண்டார்கள். இவ்விருந்தின் தொடக்கம் அதுதான்.

இனி விருந்தைக் கேளுங்கள். முதலில் சிறு வேண்டுதல், பிறகு சூப். அதன்பின் எல்லோரும் எழுந்து நிற்க, பைப் இசைப்பவர் முன்னே வர, ஒரு தட்டு ஊர்வலமாக வருகிறது. தட்டில் இருப்பது ஹாகிஸ். ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல் ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி, ஓட்ஸ், வெங்காயம், கொழுப்பு, மிளகு சேர்த்து, ஆட்டின் இரைப்பையில் அடைத்து அவித்த பண்டம் அது. அதன் எதிரே நின்று, பர்ன்ஸ் அதைப் பற்றிப் பாடிய கவிதையை ஒருவர் நடித்துச் சொல்வார். குறித்த அடி வந்ததும் கத்தியை உருவி ஒரே குத்து! ஆவி மேலெழும், கைதட்டல் பறக்கும். மசித்த உருளைக்கிழங்கோடும் டர்னிப் கிழங்கோடும் பரிமாறுவார்கள்.

வெளியூர் விருந்தினர் சிலர் ஹாகிஸைக் கண்டு முகம் சுளிப்பதுண்டாம். எங்கள் வீட்டில் கறி எடுப்பதென்றால் பெரும்பாலும் குடலும் ஈரலும்தான், விலை குறைவு. எனக்கு அருவருப்பு வரவில்லை. ஏழை வீட்டு அடுப்பில் எதையும் வீணாக்காமல் சமைத்த ஒன்றைத் தட்டில் வைத்து, கோட்டு அணிந்த கனவான்கள் எழுந்து நின்று வரவேற்கிறார்களே, அதுதான் என்னைக் கவர்ந்தது. அவர் மொழியும் அப்படியே. எடின்பரோவின் கற்றவர்கள் ஸ்காட்டுச் சொற்கள் தம் பேச்சில் வந்துவிடாதிருக்கப் பட்டியல் போட்டுத் தவிர்த்து வந்த காலம் அது. பர்ன்ஸோ ஊர்ப்பேச்சிலேயே எழுதினார்.

இனி அயல்நாடுகளுக்கு வருவோம். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஸ்காட்லாந்து மக்கள் பெருந்திரளாகக் கப்பலேறினார்கள். மலைநாட்டில் ஆட்டுப் பண்ணைகளுக்காக நிலக்கிழார்கள் குடியானவர்களை வெளியேற்றியதும் ஒரு காரணம். நியூசிலாந்தின் டனீடின் நகரம் 1848-இல் ஸ்காட்டுக் குடியேறிகளால் அமைந்தது. எடின்பரோவின் கேலிக் மொழிப் பெயரே அந்நகரின் பெயர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய பாதிரியார் தாமஸ் பர்ன்ஸ், கவிஞரின் உடன்பிறந்தார் மகன். அங்கே 1887-இல் நிறுவப்பட்ட பர்ன்ஸ் சிலை, தேவாலயத்துக்கு முதுகைக் காட்டி மதுக்கடையைப் பார்த்து அமர்ந்திருக்கிறது என்று ஊரார் வேடிக்கையாகச் சொல்வார்கள். அல்லோவேயில் ஜனவரி மாதத்தில் ஐந்து மணிக்குள் கதிரவன் மறைந்துவிடும். குளிர் எலும்பைத் துளைக்கும். டனீடினிலோ அது கோடைக்காலம். குளிருக்கென்று பிறந்த உணவை வெயில் நாளில் உண்கிறார்கள்!

அமெரிக்காவில் வேறொரு சிக்கல். கால்நடைகளின் நுரையீரலை மனிதர் உணவில் சேர்க்கக் கூடாது என்று அங்கே 1971-இல் விதி வந்தது. ஆகவே அங்குள்ளவர்கள் நுரையீரல் இல்லாமலே ஹாகிஸ் செய்யக் கற்றுக்கொண்டார்கள். கனடாவின் வான்கூவரில் சீனப் புத்தாண்டையும் பர்ன்ஸ் விருந்தையும் இணைத்து, ஹாகிஸை மாவுக்குள் பொதிந்து சீனர் முறையில் பரிமாறியிருக்கிறார்கள். இது கலப்படம் என்று சிலர் முணுமுணுக்கலாம். ஆனால் பைப்பும் கில்ட்டும் மட்டும் என்ன? அவை மலைநாட்டாரின் அடையாளங்கள். பர்ன்ஸ் தாழ்நிலத்து உழவர். மலைநாட்டு உடைக்கு 1746 முதல் 1782 வரை சட்டத் தடையே இருந்தது. இரண்டும் ஒரே மேசைக்கு வந்தது பிற்காலத்தில்தான்.

நிற்க. விருந்தில் கவிஞரைப் புகழ்ந்து ஒரு பேருரை உண்டு. அதில் பலர் தொடாமல் விட்டுவந்த செய்தி ஒன்றும் இருக்கிறது. 1786-இல் வறுமை நெருக்க, பர்ன்ஸ் ஜமைக்காவுக்குப் போக ஏற்பாடு செய்திருந்தார். அடிமைகள் உழைத்த தோட்டத்தில் கணக்கர் வேலை. அவ்வாண்டு அச்சான முதல் நூலின் 612 படிகளும் சுமார் ஒரு மாதத்தில் விற்றுத் தீர்ந்தன, பயணம் நின்றது. விற்காமல் போயிருந்தால்? மனித சமத்துவத்தைப் பாடிய அதே கை அடிமைகளின் கணக்கை எழுதியிருக்கும். இதையும் சேர்த்துச் சொல்வதே அவருக்குச் செய்யும் மரியாதை என்பது என் எண்ணம். இப்போது இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள்.

கடைசியில் எல்லோரும் வட்டமாக நின்று பாடுவது பழைய நட்பைப் பற்றிய பாட்டு. 1788-இல் பர்ன்ஸ் அதை ஒரு பாடல் தொகுப்புக்கு அனுப்பியபோது, ஒரு முதியவர் பாடக் கேட்டு எழுதிக்கொண்டது என்றே குறிப்பிட்டார். உலகெங்கும் புத்தாண்டு நள்ளிரவில் ஒலிப்பதும் அதுவே. பாடும்போது வெளிநாட்டார் பலர் முதல் அடியிலேயே கைகளைக் குறுக்காகக் கோத்துக்கொள்கிறார்கள். ஸ்காட்டு வழக்கப்படி முதலில் சும்மா கைகோத்து நிற்க வேண்டும். கடைசிச் சரணம் வந்த பிறகே குறுக்காகக் கோக்க வேண்டும்.