கைக்கு எட்டாத ஆணி

மோட்டார் வண்டி வைத்திருப்போரை இரு வகையினராகப் பிரிக்கலாம். பொனற்றைத் திறந்து, உள்ளே இருப்பது இன்னதென்று அறிந்தவர் ஒரு வகையினர். பொனற்றைத் திறக்கும் பிடி எங்கே இருக்கிறது என்பதையே அறியாதவர் மற்றொரு வகையினர். முதல் வகையினரின் தொகை நாளுக்கு நாள் குறைந்து வருகிறது. மக்களின் சோம்பலே இதற்குக் காரணம் என்பார் உளர். நான் அதை ஒப்புக்கொள்வதற்கில்லை. திறந்து பார்க்கும் ஆவல் உள்ளவனையும் வெறுங்கையோடு திருப்பி அனுப்பும் வண்ணமே இன்றைய வண்டிகள் பல அமைந்திருக்கின்றன.

யாழ்ப்பாணத்துத் தெருக்களில் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜையும் இன்றும் காணலாம். அவற்றைப் பழமையில் உள்ள பற்றினால் மட்டும் எம்மவர் வைத்திருந்தார்கள் என்று எண்ணுவது தவறு. 1990 ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின், வடபகுதிக்குப் பெற்றோலும் பற்றரியும் உதிரிப் பாகங்களும் வராமல் தடுக்கப்பட்ட காலத்தில், நோயாளரை ஆசுபத்திரிக்குக் கொண்டு சென்றவை இவ்வண்டிகளே. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, அது சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புகை கண்ணைக் கரித்தது. ஆயினும் வண்டி ஓடிற்று. அழுத்தம் குறைந்த எளிய இயந்திரமும், கையால் கழற்றித் துடைத்து மாட்டத்தக்க காபரேற்றரும் இருந்தமையாலேயே அது கைகூடிற்று. மனிதன் கை வைப்பதற்கு அந்த வண்டிக்குள் இடம் இருந்தது என்பதே அதன் பொருள்.

அந்த இடம் எப்படி வந்தது என்பது சுவையான செய்தி. மொறிஸ் மைனரை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். இருபுறமும் படுத்திருக்கும் நான்கு உருளைகள் கொண்ட அகன்ற இயந்திரம் ஒன்றை மனத்திற் கொண்டே அவர் முன்பாகத்தை அமைத்தார். அந்த இயந்திரம் நிறைவேறவில்லை. 1948 இல் வண்டி வெளிவந்தபோது, முன்னைய மொறிஸ் வண்டியின் ஒடுங்கிய இயந்திரமே அவ்விடத்தில் வைக்கப்பட்டது. எனவே இரு பக்கமும் தாராளமான வெளி எஞ்சியது. 16 இலட்சத்துக்கு மேற்பட்ட மைனர்கள் செய்யப்பட்டன. அவற்றைத் திருத்திய கைகள் அனைத்தும் நிறைவேறாத ஓர் எண்ணத்துக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டவை.

அதே இசிகோனிஸ் 1959 இல் மினி என்னும் வண்டியைத் தந்தார். பத்தடி நீளத்துக்குள் நால்வரை அமர்த்த வேண்டும் என்பது அவர் நோக்கம். அதற்காக இயந்திரத்தைக் குறுக்கே திருப்பி வைத்தார். கியர்ப் பெட்டியை அதன் அடியிலேயே புகுத்தினார். பயணிகளுக்கு இடம் பெருகிற்று. திருத்துபவனுக்கு இடம் சுருங்கிற்று. மின்பொறியைப் பங்கிடும் கருவி முன்கம்பித் தட்டியின் பின்னே நின்று மழையில் நனைந்தது. கியர்ப் பெட்டியில் பழுதென்றால் இயந்திரத்தையும் சேர்த்தே இறக்க வேண்டியதாயிற்று. இன்றைய சிறு வண்டிகளிற் பெரும்பாலானவை இயந்திரத்தைக் குறுக்கே வைப்பதில் மினியின் வழியையே பின்பற்றுகின்றன. ஒரே மனிதரின் இரு படைப்புக்களில், நாம் பெற்றதும் இழந்ததும் அருகருகே நிற்கக் காண்கிறோம்.

மினியின் நெருக்கத்துக்கு ஒரு நியாயம் உண்டு. ஆனால் வேறு சில வண்டிகளைப் பார்க்கும்போது நகைப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. 1975 ஆம் ஆண்டு மாதிரியாக அமெரிக்காவில் வெளிவந்த செவ்றலெற் மொன்சா என்ற சிறு வண்டிக்குள் எட்டு உருளை இயந்திரத்தையும் திணித்தார்கள். அதன் பிளக்குகளுள் ஒன்றை அடைவதற்கு, இயந்திரத்தைத் தாங்கும் ஆணியைத் தளர்த்தி, இயந்திரத்தையே சற்று உயர்த்த வேண்டியிருந்தது. 1990 களின் நடுப்பகுதியில் வந்த டொட்ஜ் ஸ்ராற்றஸ் வண்டியில் பற்றரியை இடப்பக்க முன்சில்லுக்கு முன்னால் ஒளித்து வைத்தார்கள். பற்றரி மாற்ற விரும்புபவன் சில்லின் பக்கமாகவே அதை அடைய வேண்டும். பிளக்கும் பற்றரியும் என்றோ ஒருநாள் மாற்றப்படும் என்பதை அறியாதவர்களா இவற்றை வரைந்தார்கள்?

இந்த வருத்தம் ஏட்டில் படித்து வந்ததன்று. சில ஆண்டுகளுக்கு முன் என் வண்டியின் முகவிளக்கில் மின்குமிழ் ஒன்று எரிந்துபோயிற்று. வண்டியின் பெயர் இங்கு வேண்டியதில்லை. பல வண்டிகளுக்கு அது பொது. விளக்கின் பின்புறத்தே கைநுழைய ஒரு வழியும் இல்லை. ஒருபுறம் பற்றரி, மறுபுறம் நீர்த்தொட்டி, இடையில் இரண்டு விரல் அகலம். எங்கள் ஊர்க் கராஜ்காரர் பம்பரைத் தாங்கிய பிளாஸ்ரிக் முளைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்; இரண்டு முறிந்தன. பம்பர் இறங்கியது, பின் விளக்குக் கூடு வெளிவந்தது, அதன் பின்னரே குமிழ் கைக்கு வந்தது. குமிழை மாற்றிய நேரம் ஒரு நிமிடம். அதனை அடைந்து மீண்ட நேரம் ஒன்றரை மணி.

கூலியைக் கேட்டு நான் முகஞ் சுளித்திருக்க வேண்டும். அவர் துணியிற் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஐயா, குமிழ் மாத்தினதுக்கு நான் காசு கேக்கேல்லை. குமிழ் இருக்கிற இடத்துக்குப் போய் வந்ததுக்குத்தான் கேக்கிறன்."

அதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தப் பயணத்துக்குக் காசும் நேரமும் இல்லாதவன் என்ன செய்வான்? ஒற்றை விளக்கோடு ஓட்டுவான். இரவில் நெடுஞ்சாலையில் எதிரே வரும் ஒற்றை ஒளியை மோட்டார் சைக்கிள் என்று எண்ணி, அதற்கு வேண்டிய அளவே வழி விடுகிறோம். அருகில் வந்தபின் அது முழு வண்டியாக உருவெடுக்கிறது. அந்தக் கணத்தில் நெஞ்சு உறையாத சாரதி எவரும் இருக்கமாட்டார். அமைப்பவரின் மேசையில் இரண்டங்குல இடம் மிச்சமாயிற்று. அதன் விலை நம் தெருவில் ஓர் உயிராகவும் இருக்கலாம்.

வண்டியை அமைப்போர் கொடியவர் அல்லர். மோதும்போது நசுங்கி அதிர்ச்சியைத் தாங்குதற்கு முன்பாகத்தில் வெற்றிடம் வேண்டும். தெருவில் நடப்போர் மோதுண்டால் தலை காயமுறாதிருக்கப் பொனற்றுக்கும் இயந்திரத்துக்கும் இடையே இடைவெளி வேண்டும். எரிபொருளை மிச்சம் பிடிக்க முகப்புத் தாழ்ந்து வளைய வேண்டும். இவை அனைத்தும் நல்ல நோக்கங்களே. மேலும், முன்னர் ஏறக்குறைய 15,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றிய பிளக், இன்று பல வண்டிகளில் 1 இலட்சம் கிலோமீற்றர் தாண்டியும் உழைக்கிறது. அடிக்கடி தேய்ந்து தொல்லை தந்த பொயின்ற் என்ற உறுப்பே மறைந்துவிட்டது. பழைய வண்டியைத் திருத்துவது எளிது என்று புகழ்கிறவர்கள், அதை எத்தனை முறை திருத்த வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் நேர்மை.

ஆயினும் உண்மையான காரணம் வேறொன்றும் உண்டு. தொழிற்சாலையில் வண்டி, வரிசையில் நகர்ந்துகொண்டே உருவாகிறது. அங்கே ஒவ்வொரு விநாடிக்கும் கணக்கு உண்டு. இயந்திரத்தைக் கீழிருந்து ஏற்றுவதும், விளக்குகள், றேடியேற்றர், பம்பர் ஆகியவற்றைக் கடைசியில் முன்புறத்தே பொருத்தி மூடுவதும் அங்கே விரைவான வழிகள். முதலில் வைத்தது அடியில் புதைகிறது. திருகாணியைவிட அழுத்திப் பூட்டும் பிளாஸ்ரிக் முளை விரைவானது. ஆகவே முளை வருகிறது. பூட்டுபவனின் விநாடியைக் கணக்கிட ஆள் இருக்கிறான். பத்தாண்டு கழித்துக் கழற்றுபவனின் மணித்தியாலம் எவருடைய ஏட்டிலும் எழுதப்படுவதில்லை. அதை நீங்களும் நானும் செலுத்துகிறோம்.

எழுதுவித்தால் எழுதப்படும் என்பதற்குச் சான்று உண்டு. வண்டி விளக்குகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் 48 ஆம் இலக்க ஒழுங்குவிதி, வண்டியோடு தரப்படும் கருவிகளைத் தவிர வேறு சிறப்புக் கருவி இன்றி மின்குமிழை மாற்றக்கூடியதாக விளக்கு அமைய வேண்டும் என்றும், மாற்றும் முறையை வண்டியைச் செய்தவரே விளக்கித் தரவேண்டும் என்றும் கூறுகிறது. ஆனால் மாற்ற முடியாத ஒளிமூலம் கொண்ட விளக்குகளுக்கு அதில் விலக்கு உண்டு. எனவே எல்.ஈ.டி. விளக்கு கெட்டால் பல வண்டிகளில் முழு விளக்கையுமே வாங்க வேண்டிய நிலை. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலம், விற்பனை நிலையத்தாருக்குக் கிடைக்கும் பழுதறி விபரங்கள் வெளிக் கராஜ்காரருக்கும் கிடைக்க வேண்டும் என்று 2012 இல் சட்டம் செய்தது. வண்டி கம்பியின்றி அனுப்பும் தகவல்களுக்கும் அவ்வுரிமையை விரிக்கலாமா என்று 2020 இல் வாக்காளரிடம் கேட்டபோது, ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் ஆம் என்றனர். ஆணி கைக்கு எட்டினாலும் கணினி இடங்கொடாத காலம் இது. பற்றரியை மாற்றியபின் அச்செய்தியைக் கணினி மூலம் வண்டிக்கு அறிவிக்க வேண்டிய மாதிரிகளும் உள்ளன.

இலங்கையர் நமக்கு இது பொழுதுபோக்குப் பேச்சன்று. 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 இலேயே மீண்டும் திறந்தது. அந்த ஐந்தாண்டுகளும் இருந்த வண்டியைக் காப்பாற்றியவனே வண்டியுடையவன். வேற்று நாட்டார் ஓட்டிக் கழித்தபின் வரும் வண்டிகளே நம்மிடம் மிகுதி. அங்கே உத்தரவாதக் காலம் முடியும்போதுதான் இங்கே அதன் வாழ்வு தொடங்குகிறது. எனவே அமைப்பிலுள்ள குறை, செய்தவர் நாட்டைவிட நம்மையே அதிகம் வருத்துகிறது. அன்றியும், நம் கராஜ்களில் எண்ணெய்க் கையோடு தொழில் பயிலும் இளைஞர்கள் கண்டும் தொட்டுமே கற்றவர்கள். காணவும் தொடவும் முடியாதபடி மூடப்பட்ட வண்டி, அவர்களின் பள்ளிக்கூடத்தையே மூடிவிடுகிறது.

நான் கேட்பது பெரிதன்று. அரிதாகப் பழுதாகும் உறுப்பு ஆழத்தில் இருக்கட்டும். குமிழ், பற்றரி, வடிகட்டி, நாடா போன்று தேய்வதற்கென்றே படைக்கப்பட்டவை, சாதாரண மனிதனின் கைக்கும் சாதாரண ஸ்பானருக்கும் எட்டவேண்டும். இதற்கு அரசின் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. அடுத்த முறை வண்டி வாங்கப் போகும்போது, நிறத்தையும் இருக்கையின் மென்மையையும் பார்த்தபின், விற்பவரிடம் ஒரு விண்ணப்பம் செய்யுங்கள்: "இந்த முகவிளக்கின் குமிழை என் கண்முன்னே ஒருமுறை கழற்றி மாட்டிக் காட்டுங்கள்." அவர் கையை நீட்டுகிறாரா, கராஜுக்குத் தொலைபேசி எடுக்கிறாரா என்பதைப் பார்த்தபின் விலை பேசலாம்.