உஷார்! கேம் ஓவியப் புத்தகமும் குலசைக் கடற்காற்றும்

வீட்டில் வீடியோ கேம் ஆடும் பிள்ளை இருக்கிறதா? அடுத்த பார்சலுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். ‘எல்டன் ரிங்’, ‘டார்க் சோல்ஸ்’, ‘பிளட்போர்ன்’, ‘செல்டா’ என்று பெயர் சொல்லி, கெட்டி அட்டை போட்ட கனமான ஓவியப் புத்தகத்தை “கடைசிப் பிரதி, இன்றே பணம் அனுப்புங்கள்” என்று யாரோ வாட்ஸ்அப்பில் கூவுகிறாரா? ஜி-பே பக்கம் போன கையை இழுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆளிடம் தப்பித்தாலும் நம் ஊரில் இன்னொரு ஆபத்து உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆசைப்படுவது தப்பில்லை. குலசேகரன்பட்டினத்துக்காரருக்கு இந்த ஆசையை விளக்கவும் வேண்டாம். முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு மாலை போட்டவர்கள் சடைமுடி, நெற்றிப்பட்டை, கண்மலர், வீரப்பல் என்று ஒவ்வொன்றாகத் தேடி வாங்கிக் காளி வேடம் கட்டுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை இது. ஓர் அரக்கனின் கொம்பு முதலில் எப்படி வரையப்பட்டது, எத்தனை முறை திருத்தப்பட்டது, கவசத்தின் முதுகுப்பக்கம் என்ன இருக்கிறது என்று காட்டும் பக்கங்கள் அதற்குப் பிடிக்காமல் போகுமா? பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில் மகிஷாசுரன் சிங்கமுகம், எருமைமுகம் என்று மாறி மாறி வந்து அம்மனை எதிர்க்கிறான். இந்தக் கேம்களில் வரும் பெரிய வில்லனும் பாதி உயிர் போனதும் வேறு உருவெடுத்து எழுந்து வருகிறான். ஆட்டத்தில் அவன் முகத்தை நிதானமாகப் பார்க்க முடியாது, அதற்குள் நம்மை அடித்துப் போட்டுவிடுவான். புத்தகத்தில் பார்க்கலாம். கேம் எல்லாம் டவுன்லோடாகிவிட்ட காலத்தில், அலமாரியில் வைக்க ஒரு பொருள் வேண்டும் என்ற ஏக்கமும் சேர்ந்துகொள்கிறது.

சரி, காசு எதற்குக் கொடுக்கிறோம்? அந்தப் படங்களில் பெரும்பாலானவை இணையத்திலேயே கிடக்கின்றன. நாம் கொடுப்பது அச்சுக்கு. வழவழப்பான ஆர்ட் பேப்பரில் இருட்டும் தங்கமும் பிசிறில்லாமல் வந்திருக்கிறதே, அதற்கு. அந்த அச்சே போலி என்றால் என்ன மிச்சம்?

தூத்துக்குடிக் கடலில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு இல்லை. ஆனாலும் முத்தைப் பல்லில் உரசிப் பார்க்கும் பழக்கம் போகவில்லை: நிஜ முத்து நறநறக்கும், கண்ணாடி வழுக்கும். புத்தகத்துக்கும் அப்படி ஒரு சோதனை இருக்கிறது. ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து, படத்தை விட்டுவிட்டு அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் பாருங்கள். அசல் அச்சில் எழுத்து கறுப்பு மையால் மட்டும் அச்சாகியிருக்கும், விளிம்பு கூர்மையாக நிற்கும். அச்சான புத்தகத்தை ஸ்கேன் செய்து திருப்பி அடித்த கள்ளப் பிரதியில் எழுத்தைச் சுற்றி நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளிகள் சிதறியிருக்கும். வானம், புகைமூட்டம் வரும் இடங்களில் வலை விரித்தாற்போல அலையலையாகக் கோடு தெரியும். இரண்டு பக்கத்துக்கும் விரியும் ஓவியத்தில் நடு மடிப்பருகே ஒரு கீற்று காணாமல் போயிருக்கும். ஐஎஸ்பிஎன் எண் சரியாக இருக்கிறது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். அதையும் சேர்த்துத்தானே ஸ்கேன் செய்திருக்கிறான்! விற்பவரிடம் அட்டைப்படம் கேட்காதீர்கள், பொடி எழுத்தை நெருக்கமாகப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் அத்தோடு விட்டுவிடுங்கள். பணம் போன பிறகுதான் தெரிந்ததென்றால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

“இனிமேல் கிடைக்காது” என்பதற்கும் பயப்பட வேண்டாம். நம் பக்கத்துச் சிவகாசியிலேயே பாடம் இருக்கிறது. 1972-இல் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கியது. அந்தக் காலத்துப் பழுப்பேறிய இதழ்களுக்குப் பிற்காலத்தில் சேகரிப்பாளர்கள் ஆயிரக்கணக்கில் கொட்டிக்கொடுத்தார்கள். மாயாவி கதைகளோ நல்ல தாளில் மறுபதிப்பாக வந்தன. முதல் பதிப்புதான் வேண்டும் என்கிற சேகரிப்பாளருக்கு நஷ்டமில்லை. கதை படிக்க ஆசைப்பட்டு அந்த விலை கொடுத்தவரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. செல்டா கேமின் ‘ஹைரூல் ஹிஸ்டோரியா’வும் அப்படித்தான். ஆங்கிலத்தில் 2013-இல் வந்தபோது முன்பதிவிலேயே அடிதடி. அதன் பிறகு திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கிறது. உங்களுக்கு வேண்டியது ஓவியமா, முதல் அச்சா? பணம் கட்டும் முன் முடிவு செய்துகொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து நேரே வரவழைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019 மத்திய பட்ஜெட்டில் இறக்குமதிப் புத்தகங்களுக்கு 5 சதவீதச் சுங்கவரி வந்தது. பொம்மையும் வாளும் சேர்த்து அடைத்த பெட்டி என்றால், புத்தகக் கணக்கில் போய்விடும் என்று நம்பி இருக்க வேண்டாம். “பார்சல் கஸ்டம்ஸில் நிற்கிறது, இந்த லிங்கில் கட்டுங்கள்” என்று வரும் எஸ்எம்எஸ்ஸைத் தொடவே தொடாதீர்கள்.

இனி அந்த இன்னொரு ஆபத்து. ஆர்ட் பேப்பரின் வழவழப்பு, தாள் மேல் பூசிய வெள்ளைக் களிமண்ணும் பசையும். ஈரம் பட்டால் அந்தப் பசை இளகும், காயும்போது பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு பிரித்தால் படம் உரிந்துதான் வரும். சாதா உப்பு கசிவதற்கே காற்றில் 75 சதவீத ஈரப்பதம் போதும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு முன்பே ஈரத்தை உறிஞ்சிவிடும். ஜன்னல் வழியாக வரும் காற்றில் அந்த உப்பு இருக்கிறது, அது புத்தகத்தின் மேல் படிகிறது. ராமபாணப் பூச்சிக்கோ பசை என்றால் விருந்து. ஆகவே கடல் பார்த்த சுவரில் அலமாரி வேண்டாம், பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டவும் வேண்டாம். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சை பிடிக்கும். கண்ணாடி பீரோவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, வெயில் நாளில் எடுத்து நிழலில் விரித்து, பக்கங்களைப் புரட்டிவிடுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது. அப்படி ஒரு மழையில் புத்தகம் நனைந்தால், வெயிலில் போடுவதுதான் முதலில் தோன்றும். போட்டுவிடாதீர்கள், மூடிய புத்தகம் காய்ந்தால் கட்டிதான். ஈரம் உலரும் முன்பே பக்கத்துக்குப் பக்கம் வெள்ளைத்தாள் கொடுத்து, தாளை மாற்றி மாற்றி மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். அதற்கு நேரமில்லை என்றால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், மீனுக்கு இடமில்லாமல் போனால் போகட்டும். பிறகு ஆற அமர எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். கரண்ட் போய்விட்டால் விசிறியும் கிடையாது, ஃப்ரீசரும் கிடையாது. அதனால் ஐப்பசி பிறக்கும் முன்பே கீழ்த்தட்டுப் புத்தகங்களை மேல்தட்டுக்கு ஏற்றிவிடுங்கள்.